உடம்பு சொல்லாததைச் சொல்லும் புத்தகம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஏறும் ‘ஃப்ரீடைவிங்’ கலைக்கு இந்தப் பழமொழி பாதிதான் பொருந்தும். இதில் ஆளைக் கொல்லும் ஆபத்தை அனுபவத்தால் அறிய வழியே இல்லை. மூச்சை அடக்கும்போது நெஞ்சு தவிப்பதும் உதரவிதானம் வெட்டி இழுப்பதும் பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதால்தான். ஆக்ஸிஜன் குறைவதை உடம்பு அப்படி அறிவிப்பதில்லை. இறங்குமுன் வேகவேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும்; ஆக்ஸிஜன் இருப்போ பெரிதாகக் கூடாது. தவிப்பு தாமதமாகும், அதற்குள் நினைவு தப்பிவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் கிரெய்க் 1961-லேயே இதை விளக்கி எழுதினார்.

ஆழம் இன்னொரு வகையில் ஏமாற்றுகிறது. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் 4 மடங்கு. மிஞ்சிய கொஞ்ச ஆக்ஸிஜனையும் அது ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருப்பதால் மூழ்கியவர் தெம்பாகவே உணர்வார். ஏறும்போது கடைசி 10 மீட்டரில் அழுத்தம் பாதியாகச் சரிய, நீர்ப்பரப்பு தெரியும் நேரத்தில் நினைவு போகிறது. வலி இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. நூறு முறை பிழைத்து வந்தவருக்கும் அந்த எல்லையை எவ்வளவு நெருங்கினோம் என்பது தெரியாது. அதைச் சொல்ல எழுத்தும் வரைபடமும் வேண்டும்.

உத்திகளிலும் புத்தகத்தின் பங்கு சிறிதல்ல. இத்தாலியின் உம்பெர்தோ பெலிசாரி, ஸ்தெபானோ தொவாலியேரியுடன் எழுதிய ‘மேன்யுவல் ஆஃப் ஃப்ரீடைவிங்’ உடலியலையும் மூச்சுப் பயிற்சியையும் சேர்த்தே விளக்குகிறது. காது அடைப்பை நீக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து ஊதும் வால்சால்வா முறை, தலைகீழாக இறங்குகிறவருக்குச் சீக்கிரமே கைகொடுக்காமல் போகும். குரல்வளையை மூடி, நாக்கின் அடிப்பகுதியால் காற்றைத் தள்ளுவது ஃப்ரென்ஸல் முறை. கண்ணாடி முன் உட்கார்ந்து, நாசி உப்புகிறதா, நெஞ்சு அசையாமல் இருக்கிறதா என்று பார்த்தே இதைப் பழகலாம். இதற்குக் கடல் தேவையில்லை. பொறுமையும் தெளிவான விளக்கமும் போதும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் எந்தப் புத்தகத்தைப் படித்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் தனியாக இறங்கவில்லை. கல்லைக் கட்டிய கயிற்றோடு ஒருவர் இறங்கினால், இன்னொருவர் தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூழ்கும் ஹேன்யோ பெண்கள் இன்றும் குழுவாகத்தான் கடலுக்குப் போகிறார்கள். ஒரு சமூகமே காவலாக நின்று கற்றுக்கொடுத்த இடத்தில் ஏடு தேவைப்படவில்லை. நகரத்து நீச்சல்குளத்தில் பழக நினைக்கும் இளைஞனுக்கு அந்தச் சமூகம் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: படித்ததை நம்பித் தனியே பழகியவர்கள் செத்திருக்கிறார்களே! உண்மைதான். புத்தகம் கற்றுத்தரும் பொறுமையே, காவல் இல்லாதவரை எல்லைவரை இழுத்துப் போகும். மயங்கியவரால் தன் முகத்தை நீருக்கு மேலே தூக்க முடியாது; முகமூடியைக் கழற்றி, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி மூச்சுவிடச் சொல்ல அடுத்தவர் கை வேண்டும். நல்ல நூல்கள் எல்லாமே இதை அழுத்திச் சொல்கின்றன. பலரும் சாதனைக் கணக்கு இருக்கும் பக்கத்துக்குத் தாவி, இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஆகவே வாங்கிப் படியுங்கள். மீட்பு பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். மூச்சடக்கும் பயிற்சியைத் தரையில் மட்டும் தனியாகச் செய்யுங்கள். தண்ணீரில் இறங்குவதானால், இடுப்பளவு ஆழமானாலும், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் மேலே வந்த பிறகும் 30 விநாடி அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.