சிமுலேஷன் லிஸ்ட்டை எக்ஸெல்லுக்குக் கொண்டு வர

பொம்மிடியை அடுத்த சேர்வராயன் மலைப் பக்கம் கோடை வந்தால் காட்டுத் தீ பயம் உண்டு. தீ எப்படிப் பரவுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க நெட்லோகோ என்ற இலவச புரோகிராம் உள்ளது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் யூரி விலன்ஸ்கி 1999ல் உருவாக்கியது. இதன் மாடல் லைப்ரரியில் "ஃபயர்" என்ற மாடல் இருக்கிறது. மரங்களின் அடர்த்தி சுமார் 59 சதவீதத்தைத் தாண்டினால், இடது ஓரத்தில் பற்றிய தீ வலது ஓரம் வரை போய்விடும்.

அடர்த்தியை மாற்றி ஐந்து முறை இயக்கி, எரிந்த சதவீதங்களை ஒரு லிஸ்டில் சேர்த்து பிரிண்ட் செய்ததாகக் கொள்வோம். கமாண்ட் சென்டரில் இப்படிக் கிடைக்கும் (எண்கள் உதாரணத்திற்கு):

[6.2 12.8 41 87 96]

இதை காப்பி செய்து எக்ஸெல்லில் ஒட்டினால் ஐந்து எண்களும் ஒரே செல்லில் அமர்ந்துவிடும். சம் பார்முலா கொடுத்தால் விடை 0. நம் கண்ணுக்கு எண்கள்; எக்ஸெல்லுக்கு அது வெறும் எழுத்து. மாற்றும் வழி இதோ:

1. கன்ட்ரோல் + ஹெச் அழுத்தவும். ஃபைண்ட் கட்டத்தில் [ குறியை டைப் செய்து, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டு, ரீப்ளேஸ் ஆல் தட்டவும். ] குறிக்கும் அப்படியே.

2. அந்த செல்லைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் கிளிக் செய்திடவும். டிலிமிடெட் தேர்வு செய்து நெக்ஸ்ட் தட்டவும்.

3. ஸ்பேஸ் என்பதில் டிக் செய்து பினிஷ் தரவும்.

ஒவ்வொரு எண்ணும் தனி செல்லுக்குப் போய் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது இன்னும் எழுத்துதான். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே பெயரில் வசதி உண்டு.

லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் கவனம் தேவை. [[55 6.2] [57 12.8]] என்பதில் அடர்த்தியும் எரிந்த அளவும் ஜோடியாக உள்ளன. அடைப்புக் குறிகளை நீக்கியதும் ஜோடி கலைந்து நான்கு எண்கள் ஒரே வரிசையில் நிற்கும். எனவே முதலில் நோட்பேடில் ஒட்டி, இரண்டாவது ஜோடியிலிருந்து ஒவ்வொன்றின் [ குறிக்கு முன்னால் கர்சரை வைத்து என்டர் தட்டவும். பிறகு எக்ஸெல்லுக்கு எடுத்துச் சென்றால் ஒரு ஜோடிக்கு ஒரு வரி கிடைக்கும். அதன்பின் மேற்கண்ட மூன்று படிகளைச் செய்யவும்.

இன்னொரு ஆபத்து, எக்ஸெல் தானாகச் செய்யும் மாற்றம். 5-7 என்று இருந்தால் அதைத் தேதியாக்கிவிடும். மார்ச்1 என்ற மனித மரபணுவின் பெயர்கூட இப்படித் தேதியாக மாறிக்கொண்டிருந்தது. அதனால் பெயர் சூட்டும் குழுவே அதை மார்ச்எஃப்1 என்று மாற்றியது. 2020ல் இதற்கான விதிமுறையும் வெளியானது. அப்படிப்பட்ட காலத்திற்கு, ஸ்பேஸ் டிக் செய்தபின் நெக்ஸ்ட் தட்டி, டெக்ஸ்ட் என்பதைத் தேர்வு செய்தால் தப்பிக்கலாம்.

கடைசியாக ஒரு சோதனை. நெட்லோகோவில் லெங்த் கட்டளை லிஸ்டில் எத்தனை உறுப்புகள் என்று சொல்லும். எக்ஸெல்லில் கவுன்ட் பார்முலா எத்தனை எண்கள் என்று சொல்லும். நம் முதல் லிஸ்டுக்கு இரண்டிலும் 5 வர வேண்டும். வராவிட்டால் சராசரி எடுக்காதீர்கள். எங்கோ ஓர் எண் எழுத்தாகவே நிற்கிறது.