முயலின் கண்ணில் ஒரு சொட்டு

கிளாக்கோமா உள்ளவர்கள் தினமும் விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்து கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆனால் அந்த நோயில் அழிவது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள வட்டமான அதன் முகப்பின் வழியாகப் பத்து லட்சத்துக்கும் அதிகமான நரம்பிழைகள் மூளைக்குப் புறப்படுகின்றன. அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுவருபவை முடிபோன்ற நாளங்கள். அழுத்தம் குறைந்தாலும் சொட்டு மருந்து அந்த நாளங்களைச் சுருக்கிவிட்டால் என்ன ஆகும்?

இந்தப் பயம் நியாயமானதுதான். ஒரு சொட்டு என்பது 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் அவ்வளவுக்கு இடமில்லை. நூற்றில் ஐந்து பங்குகூட உள்ளே போவதில்லை. மிச்சத்தில் கொஞ்சம் கன்னத்தில் வழியும், கொஞ்சம் கண்ணீர்க்குழாய் வழியே மூக்குக்குப் போய் ரத்தத்தில் கலக்கும். கிளாக்கோமாவுக்கான டிமோலால் சொட்டு விட்ட ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இரைப்பது இதனால்தான். ரத்தத்தில் கலந்தது உடல் முழுவதும் சுற்றி, மருந்து விடாத கண்ணுக்கும் போய்ச் சேரும்.

நாளங்களைப் பார்க்க ஒரு வழி, வார்ப்பு எடுப்பது. மருந்து பெற்ற முயலைக் கொன்றபின் ரத்தத்தைக் கழுவி வெளியேற்றி, நாளங்களுக்குள் திரவப் பிசினைச் செலுத்துவார்கள். பிசின் இறுகியதும் காரக் கரைசலில் தசையெல்லாம் கரைந்துபோகும். நாளங்களின் உட்புற அச்சு மட்டும் மிஞ்சும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்த்தால், மருந்து இறுக்கிய இடம் கயிறு கட்டி இழுத்ததுபோல ஒடுங்கித் தெரியும். அட்ரினலின் சொட்டு விட்ட முயல்களில், கண்ணுக்குள் நீர் சுரக்கும் பகுதியின் தமனிகளில் இத்தகைய ஒடுக்கங்கள் தெரிந்தன.

வார்ப்பு எடுக்க விலங்கு சாக வேண்டும். ஒரே கண்ணை நாள்தோறும் கவனிக்க ஜப்பானில் லேசர் முறை வளர்ந்தது. நரம்பின் முகப்பில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் திரும்பி வரும் ஒளியில் புள்ளிப் புள்ளியாக ஒரு கோலம் தெரியும். சிவப்பணுக்கள் வேகமாக ஓடினால் கோலமும் வேகமாகக் கலையும். அந்தக் கலைவை அளந்தால் ரத்தத்தின் ஓட்டம் தெரிந்துவிடும்.

ஓட்டம் கூடினாலும் குழப்பம் தீராது. கண்ணழுத்தம் தணிந்தாலே ரத்தம் எளிதாக உள்ளே வரும். மருந்தே நாளத்தை விரித்ததா என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் முயல் பேருதவி செய்தது. மனிதரின் கண்ணழுத்தத்தை நன்றாகக் குறைக்கும் லட்டனோப்ராஸ்ட் சொட்டு, முயலின் அழுத்தத்தை ஏறக்குறைய அசைப்பதே இல்லை. அப்படியிருந்தும், 2001-ல் வெளியான டோக்கியோ ஆய்வாளர்களின் சோதனையில், அதை விட்டபோது முயலின் நரம்பு முகப்பில் ரத்த ஓட்டம் கூடியது. இண்டோமெத்தசினை முன்கூட்டியே கொடுத்தபோது அந்தக் கூடுதல் காணாமல்போனது. உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்களைத் தடுப்பது அந்த மருந்து. ஆக, நாளத்தை விரித்ததில் அவற்றுக்குப் பங்கிருக்கிறது. குரங்குகளிலும் மனிதர்களிலும்கூட ஓட்டம் கூடியதை அதே குழுவினர் அளந்தார்கள்.

இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: மருந்து எடுபடாத விலங்குதான் அதன் இன்னொரு குணத்தைத் தனியே பிரித்துக் காட்டியது. ஆனால் முயலை முழுக்க நம்பிவிடவும் முடியாது. நரம்பிழைகளைத் தாங்கி நிற்கும் சல்லடைத் தட்டு மனிதருக்கும் குரங்குக்கும் உறுதியாக இருக்கிறது, முயலுக்கு அது சரியாக வளர்வதில்லை. விழித்திரை நாளங்களும் முயலுக்கு ஒரு பட்டையளவில்தான் உண்டு. ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் பார்வை நிலைக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அதனால் மருத்துவர்கள் இன்றும் பெரும்பாலும் அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்தே சொட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.