உங்களுக்குத் தெரியுமா? கழிவுச்சேறும் கழனியும்

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலே கொழும்பு மாநகரின் கழிவுநீர் நெடுங்குழாய் வழியே சமுத்திரத்துக்குள் விடப்படுகின்றது, வெள்ளவத்தையிலும் அவ்வாறே. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தேசங்கள் பலவற்றிலோ, அடியில் தங்கும் சேறு, நைதரசனும் பொசுபரசும் செறிந்த பசளையென வயலுக்குச் செல்கின்றது.

அச்சேற்றிலுள்ள கிருமிகள் வெப்பத்தாலும் காலத்தாலும் நாசமடையும். ஆனால் தொழிற்சாலைக் கழிவோடு வந்து அதிலே தங்கிவிட்ட கட்மியம், ஈயம், இரசம் முதலான பார உலோகங்கள், எத்தனை காலம் மக்கினாலும் அழியாமல், வருஷந்தோறும் சிறுகச் சிறுக மண்ணிலே திரண்டு, மண் புளிப்புற்றால் கட்மியம் போன்றவை வேர்வழியே தானியத்திலும் ஏறிவிடுகின்றன. யப்பானிலே, சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு நதிநீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டு, எலும்பு நொறுங்கித் துடித்த ஏழை மாதர்களின் 'இத்தாய் இத்தாய்' வியாதிக்குக் கட்மியமே காரணமென்று அந்நாட்டு அரசாங்கம் 1968இல் ஏற்றுக்கொண்டது. 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்பதே அப்பெயரின் அர்த்தம்.

ஐரோப்பியச் சமூகம் 1986இல் வகுத்த விதி, உலர்ந்த சேற்றுக் கிலோ ஒன்றில் கட்மியத்தின் உச்சவரம்பை 20 முதல் 40 மில்லிகிராமுக்குள் நிர்ணயித்தது. அதனினும் சிலாக்கியமானது, சேற்றை ஏற்கும் மண்ணுக்கே 1 முதல் 3 மில்லிகிராம் என எல்லை கட்டி, அதனைத் தாண்டிய நிலத்தில் சேறிடுவதை அவ்விதி தடுத்தமையாகும்.