உஷார்! சிக் பே கொடுத்தது இன்சூரன்ஸ்... வரி உங்கள் தலையில்!

அமெரிக்காவில் கடை, மோட்டல், கன்சல்டிங் கம்பெனி என்று பத்துப் பதினைந்து பேரை வைத்துச் சம்பளம் போடுகிறவர்களே, அவர்களுக்காகச் சென்னையில் உட்கார்ந்து பே-ரோல் கணக்கு பார்க்கிறவர்களே, உஷார்! ஜனவரி நடுவில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வரும் ஒரு கணக்குத் தாளைக் கோட்டை விட்டால், முந்தைய வருஷத்து வரிப் படிவங்களான 941, டபிள்யூ-2, டபிள்யூ-3 எல்லாமே தப்பாகிவிடும்.

“பணம் கொடுத்தது இன்சூரன்ஸ்காரன், நமக்கென்ன?” என்று நினைப்பதுதான் முதல் ஆபத்து.

எங்கே மாட்டுகிறார்கள்?

ஊழியருக்கு அறுவை சிகிச்சை. வேலைக்கு வர முடியாத வாரங்களுக்கு, கம்பெனி எடுத்து வைத்திருக்கும் குறுகிய கால இயலாமைப் பாலிசியிலிருந்து காசோலை நேராக அவர் வீட்டுக்குப் போகிறது. இதுதான் சிக் பே. உங்கள் பே-ரோல் மென்பொருளில் அந்தப் பணத்தின் சுவடே இருக்காது. ஆனால் பிரீமியத்தைக் கட்டியது கம்பெனி என்றால், சட்டத்தின் கண்ணில் அது சம்பளம்தான். சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம், ஆக 7.65 சதவீதம் ஊழியர் பங்கு. அதே அளவு முதலாளி பங்கும் உண்டு.

ஊழியர் பங்கை இன்சூரன்ஸ் கம்பெனியே பிடித்து, கெடுவுக்குள் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குக் கட்டிவிட்டு, உங்களுக்கும் உரிய நேரத்தில் அறிவிப்பு அனுப்பிவிட்டால், முதலாளி பங்கைக் கட்டும் பொறுப்பு உங்கள் தலைக்கு மாறிவிடுகிறது. அந்த அறிவிப்பு யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தாலும் சரி, கடன் உங்களுடையதுதான்!

941-இல் லைன் 8 காலியா?

ஊழியருக்கு 5,000 டாலர் சிக் பே போயிருக்கிறது, பொறுப்பும் உங்களுக்கு மாறியிருக்கிறது என்று வையுங்கள். அந்த 5,000-ஐ 941 படிவத்தின் லைன் 2, 5ஏ, 5சி மூன்றிலும் சேர்க்க வேண்டும். 5ஏ-யில் 12.4 சதவீதப்படி 620 டாலர், 5சி-யில் 2.9 சதவீதப்படி 145 டாலர், மொத்தம் 765 என்று வரும். இதில் பாதி, 382.50 டாலர், இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே கட்டிவிட்ட ஊழியர் பங்கு. அதை லைன் 8-இல் கழித்தல் குறியோடு காட்டினால்தான் உங்கள் பங்கான 382.50 மட்டும் மிஞ்சும். லைன் 8-ஐ வெறுமனே விட்டால் ஒரே வரியை இரண்டு முறை கட்டுகிறீர்கள். சிக் பே தொகையையே சேர்க்காமல் விட்டால் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை என்றாகும். தாமதத்துக்குத் தக்கபடி 2 சதவீதத்தில் தொடங்கி 15 சதவீதம் வரை அபராதம் ஏறும்.

இன்னொரு குழி லைன் 3. இன்சூரன்ஸ் கம்பெனி பிடித்த வருமான வரியை 941-இன் லைன் 3-இல் சேர்க்கக் கூடாது. அது டபிள்யூ-3-இன் 14-ஆம் கட்டத்தில் வர வேண்டும்.

ஜனவரியில் பதினாறே நாள்!

வருஷம் முழுவதற்குமான கணக்கை இன்சூரன்ஸ் கம்பெனி ஜனவரி 15-க்குள் உங்களுக்குத் தர வேண்டும். ஊழியருக்கு வருஷச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 கொடுக்கவும், கடைசிக் காலாண்டின் 941-ஐத் தாக்கல் செய்யவும் கெடு ஜனவரி 31. இடையில் இருப்பது பதினாறு நாள்தான். கணக்கு வருமுன் அவசரப்பட்டு டபிள்யூ-2 அச்சடித்து அனுப்பினால், பிறகு டபிள்யூ-2சி, 941-எக்ஸ் என்று திருத்தப் படிவங்களின் பின்னால் அலைய வேண்டும். பழைய தாளை நம்பி ஊழியர் தன் வருமான வரியைத் தாக்கல் செய்திருந்தால் அவரும் திருத்த வேண்டும். நோயிலிருந்து எழுந்து வந்தவருக்கு இந்தத் தண்டனை தேவையா?

பொறுப்பு உங்களுக்கு மாறியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை டபிள்யூ-2 கொடுப்பதும் உங்கள் வேலை. 13-ஆம் கட்டத்தில் மூன்றாம் தரப்பு சிக் பே என்ற இடத்தில் குறி போட மறக்காதீர்கள். பொறுப்பு மாறவில்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியே தன் பெயரில் டபிள்யூ-2 கொடுக்கும். அதே தொகையை நீங்களும் போட்டால் ஊழியரின் வருமானம் இரண்டு முறை பதிவாகும்.

941-இல் உள்ள சம்பளமும் டபிள்யூ-2-இல் உள்ள சம்பளமும் பொருந்துகின்றனவா என்று அரசு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சிக் பேயில் இரண்டு தரப்பு புகுந்திருப்பதால் இடையில் விழும் வித்தியாசத்தை விளக்கத்தான் 8922 என்ற படிவம். டபிள்யூ-2 உங்கள் பெயரில் போனால் 8922-ஐ இன்சூரன்ஸ் கம்பெனி தாக்கல் செய்யும். டபிள்யூ-2 அவர்கள் பெயரில் போய், முதலாளி பங்கை நீங்கள் கட்டினால் 8922 உங்கள் வேலை. கெடு பிப்ரவரி மாதக் கடைசி நாள்.

பிரீமியம் யார் கட்டியது?

இதைப் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூடப் போடாதீர்கள். வரி பிடித்த பிறகு கையில் வரும் சம்பளத்திலிருந்து ஊழியரே முழுப் பிரீமியத்தையும் கட்டியிருந்தால் சிக் பேக்கு வரியே இல்லை. டபிள்யூ-2-இன் 12-ஆம் கட்டத்தில் ஜே குறியீட்டோடு தொகையைக் காட்டினால் போதும். கம்பெனி 60, ஊழியர் 40 என்று பங்கிட்டிருந்தால் 60 சதவீதத்துக்கு மட்டும் வரி. குரூப் பாலிசியில் இந்த விகிதத்தைக் கடைசி மூன்று பாலிசி வருஷங்களின் பிரீமியத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். பலர் ஏமாறுவது வேறு இடத்தில்: வரி பிடிக்குமுன்னே கஃபிடீரியா திட்டத்தின் வழியாகப் பிரீமியம் பிடித்தால், அது கம்பெனி கட்டியதாகவே கணக்கு. முழுத் தொகைக்கும் வரி உண்டு.

ஆறு மாத விதியையும் கவனியுங்கள். கடைசியாக வேலை செய்த மாதம் முடிந்து ஆறு காலண்டர் மாதம் கழிந்தபின் தரப்படும் சிக் பேக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், வேலையின்மை வரி மூன்றும் இல்லை. மார்ச் 12-இல் வேலையை நிறுத்தியவருக்கு அக்டோபர் 1 முதல் இந்த வரிகள் நிற்கும். வருமான வரி மட்டும் தொடரும்.

இன்றே செய்யுங்கள்

பணம் தருகிறவர் இன்சூரரா, உங்கள் ஏஜென்டா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நஷ்ட அபாயத்தை ஏற்காமல், கொடுத்த பணத்தோடு கட்டணமும் வாங்கிக்கொள்கிறவர் ஏஜென்ட். அங்கே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எல்லா வரிப் பொறுப்பும் ஆரம்பத்திலிருந்தே உங்களுடையது.

அறிவிப்புகள் எந்த முகவரிக்கு, யார் பெயருக்கு வருகின்றன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த வருஷம் யாராவது மருத்துவ விடுப்பில் போனார்களா என்று டிசம்பரிலேயே பட்டியல் எடுங்கள். டபிள்யூ-2 யார் கொடுப்பது, 8922 யார் போடுவது என்பதை இன்சூரன்ஸ் கம்பெனியோடு எழுத்தில் முடிவு செய்யுங்கள். உங்கள் சி.பி.ஏ.விடம் லைன் 8-ஐக் குறிப்பிட்டே கேளுங்கள்.

வரிக்குரிய சிக் பே என்பது ஊழியரின் சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் சேர வேண்டிய வருமானம். நாளைக்கு அவர் வாங்கப்போகும் ஓய்வூதியம் இதை வைத்தும் கணக்கிடப்படும். இன்சூரன்ஸ் கணக்கு கைக்கு வராமல் ஒரு டபிள்யூ-2-கூட உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது!