மருத்துவ நிலையத்தின் தரம் அறிதல்

நம் ஊர் ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் கட்டிடத்தைப் பற்றிச் சொல்வோம். அல்லது டாக்டரின் கைராசியைப் பற்றிச் சொல்வோம். ஊசி போடாத டாக்டரைக் குறைத்து மதிப்பவர்களும் உண்டு. மருத்துவத்தின் தரத்தை இவற்றைக்கொண்டு அளக்க முடியுமா என்பதை நேயர்களுடன் சேர்ந்து சிறிது ஆராய விரும்புகிறேன். அதற்கு மேடையாக ஒரு மலையோரப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி வரும். ஒரே பெயர், ஆனால் ஊரின் ஒரு பாகம் தமிழ்நாட்டிலும், மறு பாகம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்திலும் இருக்கின்றன. எல்லையைக் கடந்தால் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களும், தமிழ் பேசும் குடியானவர்களும், மலையாளக் குடியேறிகளும் அங்கே வாழ்கின்றனர்.

2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அந்த ஓராண்டில் அங்கே 30க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். அவ்வாண்டில் இந்தியா முழுமைக்கும் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 40. கேரளத்திலோ வெறும் 12. சிசு மரணத்தைக் குறைத்ததில் நாட்டுக்கே வழிகாட்டியாகப் புகழ்பெற்ற மாநிலத்தின் ஒரு மூலையில் இது நிகழ்ந்தது. அங்கே மருத்துவமனை இல்லையா? இருந்தது. கோட்டத்தறையில் பழங்குடி மக்களுக்கென்றே அரசு சிறப்பு மருத்துவமனை இருந்தது. அகளியிலும் சோலையூரிலும் புதூரிலும் அரசு சுகாதார நிலையங்கள் இருந்தன. தாய்மார்களின் இரத்தசோகையும், ஊட்டக் குறைவும், எடை குறைந்த பிறப்புமே பெரும்பாலான மரணங்களின் பின்னணியில் காணப்பட்டன. இவை ஒரே இரவில் வந்து தாக்கும் நோய்களல்ல. மாதக்கணக்கில் கண்ணெதிரே வளர்பவை.

அவெடிஸ் டொனபீடியன் என்ற அமெரிக்க அறிஞர் 1966ஆம் ஆண்டில் மருத்துவத் தரத்தை மூன்று வாயில்கள் வழியாக நோக்கலாம் என்றார். முதலாவது அமைப்பு: கட்டிடம், கருவி, ஆட்கள். இரண்டாவது செயல்முறை: நோயாளிக்கு உண்மையில் என்ன செய்யப்பட்டது என்பது. மூன்றாவது விளைவு: அவர் பிழைத்தாரா, குணமடைந்தாரா என்பது. விளைவுதானே முக்கியம், அதை மட்டும் பார்த்தால் போதாதா என்று தோன்றும். சிறிய நிலையத்துக்கு அது போதாது. ஆண்டில் 500 குழந்தைகள் பிறக்கும் வட்டாரத்தில், ஆயிரத்துக்கு 12 என்ற கணக்கில் ஆறு மரணங்கள் நேரும். ஓர் ஆண்டில் அது நான்காகலாம், மறு ஆண்டில் எட்டாகலாம். இரண்டும் தற்செயலாகவே இருக்கலாம். 2013இல் நேர்ந்ததுபோல் எண்ணிக்கை உயர்ந்து நின்று கூவும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவே செயல்முறையைத்தான் உற்றுக் கவனிக்க வேண்டும்.

செயல்முறை என்றால் டாக்டருக்குத் தெரிந்ததன்று, அவர் செய்தது. பீகாரின் கிராமப்புறங்களில் சில ஆண்டுகளுக்குமுன் ஓர் ஆய்வு நடத்தினர். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன கொடுப்பீர்கள் என்று மருத்துவம் பார்ப்போரிடம் கேட்டபோது, பத்தில் ஏழு பேர் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்போம் என்றனர். பின்னர் பயிற்சி பெற்ற ஒருவர் சாதாரணத் தகப்பனைப்போல் அதே முறையீட்டோடு அவர்களிடம் சென்றபோது, அதைக் கொடுத்தவர் பத்தில் இருவர்கூட இல்லை! அறிவு இருந்தது, அது மேசையைத் தாண்டி வரவில்லை. நேரமின்மை ஒரு காரணமாகலாம். 2017இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வின்படி, டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் சுவீடனில் இருபது நிமிடத்துக்கு மேல். இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம்.

அரசு மருத்துவ நிலையங்களுக்கான தேசியத் தர நியமங்கள் 2013 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. மதிப்பீட்டாளர் நேரில் பார்க்கிறார், பணியாளரோடு பேசுகிறார், பதிவேடுகளைப் புரட்டுகிறார், நோயாளியையும் கேட்கிறார். நல்ல ஏற்பாடுதான். இவற்றுள் நோயாளியைக் கேட்கும் பகுதியைப் பற்றி மட்டும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. அது என் தொழிலால் வந்த ஐயம்.

நான் அரசாங்க மொழிபெயர்ப்பாளன். ஒரு சமயம் இத்தகைய வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்கினேன். 'தாங்கள் பெற்ற சேவை திருப்தி அளித்ததா?' என்று எழுதி, வாக்கியம் நன்றாக அமைந்ததென்று மகிழ்ந்தேன். நண்பர் ஒருவர் அதைக் கிராமத்து மூதாட்டி ஒருவரிடம் படித்துக் காட்டினார். "வையாம மருந்து குடுத்தாங்க கண்ணு, அது போதும்" என்றாராம் அந்த அம்மாள். கட்டத்தில் 'திருப்தி' என்று குறிக்கப்பட்டது! வையப்படுவதையே எதிர்பார்த்துச் செல்பவருக்கு வையாமையே பெருஞ் சேவையாகிவிடுகிறது. அட்டப்பாடியில் இச்சிக்கல் இன்னும் கூடும். வீட்டில் இருளர் பேச்சு, பதிவேட்டில் மலையாளம், மருந்துச் சீட்டில் ஆங்கிலம். திருப்தியைக் கேட்பதைவிட, 'இந்த மாத்திரையை எப்போது, எத்தனை நாள் உண்ண வேண்டும்? சொல்லுங்கள், அம்மா' என்று கேட்கலாம். அவர் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் சிகிச்சை மருந்து கொடுக்கும் சாளரத்தோடு நின்றுவிட்டது என்று பொருள்.

பதிவேட்டை எவ்வாறு படிப்பது? கருவுற்ற தாயின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை; 7க்குக் குறைந்தால் கடுமையானது. நான்காம் மாதத்தில் ஒருவருக்கு 8 கிராம் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அளந்தது அமைப்பின் வெற்றி. அடுத்த மாதம் மறுபடி அளந்தார்களா? 180 நாளைக்குரிய இரும்புச்சத்து மாத்திரைகள் கைக்கு வந்தனவா? எண் ஏறாவிட்டால் ஏன் என்று தேடினார்களா? அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே அரிவாளணு நோய் பரம்பரையாக வருவதுண்டு. அந்நோயுள்ளவருக்கு இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து இரத்தசோகையைப் போக்க இயலாது. வராத தாயின் வீட்டுக்கு யாரேனும் நடந்து சென்றார்களா? இதற்கு விடை பதிவேட்டின் கடைசிப் பத்தியில் இருக்கும். அல்லது அப்பத்தி வெறுமையாக இருக்கும். நூறு பேரை அளந்த நிலையத்தைவிட, அறுபது பேரை அளந்து அறுபது பேரையும் தொடர்ந்த நிலையத்தையே நான் மேலென்பேன்.

2013க்குப்பின் அட்டப்பாடியில் சமுதாயச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. 2017இல் கேரள அரசு ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றி, மாலையிலும் நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்தது. கூலி வேலைக்குச் செல்வோருக்கு இந்த மாலை நேரம் எவ்வளவு பெரிது என்பதைப் பகலெல்லாம் வரிசையில் நின்று ஒரு நாட் கூலியை இழந்தவர்கள் அறிவர்.

எல்லையோர ஊருக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. கேரளப் பக்கத்தில் பரிசோதனை செய்துகொண்ட பெண், பேறுகாலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்குச் செல்லக்கூடும். அவளுடைய பதிவேடு கூடச் செல்வதில்லை. ஒரு நிலையத்தில் 'வரவில்லை' என்றும், மற்றொன்றில் 'புதியவர்' என்றும் அவள் ஆகிவிடுகிறாள். ஆகையால் அங்குள்ள நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு முறையும் அளந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையில் எழுதித் தரும்படி நர்ஸம்மாளிடம் கேளுங்கள். தாய்வீட்டுக்குப் புறப்படும் பெண்ணின் பையில் வளையலுக்கும் சேலைக்கும் முன்னதாக அந்த அட்டையை வையுங்கள்.