பர்மிங்காம் மாணவர் போராட்டம் (1963): அநீதிக்கு எதிராகத் திருச்சபையும் இளையோரும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்காம் நகரில் 1963 மே மாதத்தில் கறுப்பின மாணவர்கள் நடத்திய அறவழிப் போராட்டமே பர்மிங்காம் மாணவர் போராட்டம் ஆகும். இதற்குச் ‘சிறுவர் சிலுவைப்போர்’ என்ற பெயரும் உண்டு. இதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அவர்கள் கூடிய இடமும், பயிற்சி பெற்ற இடமும், ஊர்வலமாகப் புறப்பட்ட இடமும் தேவாலயங்களே. உலகில் நடைபெறும் அநீதிகளை எதிர்ப்பதில் கிறித்தவ இளைஞர்களும் திருச்சபைகளும் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு இந்நிகழ்வு தெளிவான விடை தருகிறது.

பின்னணி

அக்காலத்தில் பர்மிங்காமில் இனப்பிரிவினை சட்டமாகவே இருந்தது. பள்ளி, பூங்கா, குடிநீர்க் குழாய், கழிப்பறை என அனைத்தும் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனியாக இருந்தன. கறுப்பினத்தவர் கடைகளில் பணம் கொடுத்துப் பொருள் வாங்கலாம். ஆனால் அதே கடையின் உணவுப் பகுதியில் அமர்ந்து சாப்பிட முடியாது. கறுப்பினத்தவரின் வீடுகளிலும் தேவாலயங்களிலும் அடிக்கடி குண்டு வெடித்ததால் நகரத்தைப் ‘பாம்பிங்காம்’ என்று கேலியாக அழைத்தனர்.

இந்நிலையை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் போதகர் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த். இவர் 1956-இல் மனித உரிமைகளுக்கான அலபாமா கிறித்தவ இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் இவரது வீடு குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதில் உயிர்தப்பிய இவர் போராட்டத்தைக் கைவிடவில்லை. 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கையும் அவரது அமைப்பையும் பர்மிங்காமுக்கு வரவழைத்தவரும் இவரே.

திருச்சபைக்குள் இருந்த பிளவு

திருச்சபைகள் அனைத்தும் இப்போராட்டத்தை வரவேற்கவில்லை. 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கிங் கைது செய்யப்பட்டார். அந்நாளில் வெளியான அறிக்கை ஒன்றில் நகரின் வெள்ளையின சமயத் தலைவர்கள் எட்டுப் பேர், போராட்டம் காலத்துக்குப் பொருந்தாதது என்றும் நீதிமன்றத்தை நாடுவதே முறை என்றும் கூறியிருந்தனர். கிங் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதம் இந்த அறிக்கைக்கான மறுமொழியே. அநீதியைக் கண்டும் ஒழுங்கு என்ற பெயரில் பொறுமை காக்கச் சொல்லும் திருச்சபையை அவர் அதில் கடுமையாக விமர்சித்தார்.

கறுப்பினச் சபைகளிலும் தயக்கம் இருந்தது. போதகர்கள் பலர் தொடக்கத்தில் ஒதுங்கி நின்றனர். கிங் அவர்களிடம் நேரில் பேச வேண்டியிருந்தது. எனவே, “திருச்சபை போராடியது” என்பதைவிட, திருச்சபையின் ஒரு பகுதி மற்றொரு பகுதியின் தயக்கத்தை மீறிப் போராடியது என்பதே சரியாகும்.

மாணவர்கள் வந்த விதம்

ஏப்ரல் இறுதியில் போராட்டம் சோர்வடைந்தது. சிறை சென்றால் வேலை போய்விடும், குடும்பம் பட்டினி கிடக்கும் என்று பெரியவர்கள் அஞ்சினர். அப்போது ஜேம்ஸ் பெவல் என்ற 26 வயது போதகர் மாணவர்களை அழைக்கலாம் என்றார். மாணவர் சிறை சென்றால் குடும்பத்தின் வருமானம் நிற்காது என்பது அவரது வாதம். சபையில் உறுப்பினராகும் அளவுக்கு விவரம் அறிந்த பிள்ளை, விடுதலைக்காக நடக்கவும் தகுதியுள்ள பிள்ளைதான் என்றும் அவர் கூறினார்.

பெவல் இம்முறையை நாஷ்வில் நகரில் இறையியல் மாணவராக இருந்தபோது கற்றார். அங்கு அவருக்குப் பயிற்சி அளித்த ஜேம்ஸ் லாசன், மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக 1950-களில் நாக்பூரில் பணியாற்றிக் காந்தியின் அறவழியைப் பயின்றவர். லாசன் தேவாலய அறைகளில் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். வசைபாடினாலும் தள்ளிவிட்டாலும் திருப்பித் தாக்காமல் இருப்பது எப்படி என்று மாணவர்கள் அங்கு நடித்துப் பழகினர்.

பர்மிங்காமிலும் இவ்வகைப் பயிற்சிகள் தேவாலயங்களில் நடந்தன. தன்னார்வலர்கள் பத்து நெறிகள் கொண்ட உறுதிமொழி அட்டையில் கையொப்பமிட்டனர். இயேசுவின் வாழ்வை நாள்தோறும் தியானித்தல், கையாலும் நாவாலும் உள்ளத்தாலும் வன்முறையைத் தவிர்த்தல் ஆகியவை அவற்றுள் சில. ஊர்வலம் செல்ல இயலாதவர்கள் உணவு சமைத்தல், தட்டச்சு செய்தல், தொலைபேசியில் பேசுதல், துண்டறிக்கை வழங்குதல் போன்ற பணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் அதே அட்டையில் இடம் இருந்தது.

மே மாத நிகழ்வுகள்

மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புகளைவிட்டு வெளியேறி 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடினர். ஏறக்குறைய ஐம்பது பேர் கொண்ட குழுக்களாகப் பாடிக்கொண்டே வெளியே வந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். மறுநாள், நகரின் பாதுகாப்பு ஆணையர் யூஜின் ‘புல்’ கானரின் உத்தரவின்படி, தீயணைப்புக் குழாய்களிலிருந்து மாணவர்கள்மீது அதிவேகமாக நீர் பாய்ச்சப்பட்டது. காவல் நாய்களும் ஏவப்பட்டன. இக்காட்சிகள் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் வெளியாகி உலகை அதிரச் செய்தன. சில நாட்களில் சிறைப்பட்டோர் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது. சிறை நிரம்பியதால் பொருட்காட்சித் திடலிலும் மாணவர்கள் அடைக்கப்பட்டனர்.

மே 10 அன்று உடன்பாடு ஏற்பட்டது. கடைகளின் உணவுப் பகுதி, கழிப்பறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் பிரிவினையை நீக்கவும், கறுப்பினத்தவரை வேலைக்கு அமர்த்தவும் வணிகர்கள் ஒப்புக்கொண்டனர். மே 20 அன்று கல்வி வாரியம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது; இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஜூன் 11 அன்று அதிபர் கென்னடி குடிசார் உரிமைச் சட்டம் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். அச்சட்டம் 1964 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது.

கொடுத்த விலை

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. 16-ஆம் தெரு தேவாலயத்தில் அன்று இளைஞர் ஞாயிறு வழிபாடு நடக்கவிருந்தது. வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து, ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நெயர் என்ற நான்கு சிறுமியர் இறந்தனர். மூவருக்கு 14 வயது, டெனிசுக்கு 11. குற்றவாளிகளில் ஒருவர் 1977-இலும், மற்ற இருவர் 2001, 2002 ஆகிய ஆண்டுகளிலும்தான் தண்டிக்கப்பட்டனர்.

விமர்சனம்

சிறுவர்களை ஆபத்தான இடத்தில் நிறுத்துவது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி, மால்கம் எக்ஸ் ஆகிய இருவருமே இதைக் கண்டித்தனர். இனப்பிரிவினை கறுப்பினக் குழந்தைகளை நாள்தோறும் காயப்படுத்தியபோது இந்தக் கவலை எங்கே போயிருந்தது என்று போராட்டத் தரப்பினர் திருப்பிக் கேட்டனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனவேதான் இளையோரை முன்னிறுத்தும் திருச்சபை அவர்களைத் தனியே அனுப்பக்கூடாது.

இன்றைய திருச்சபைகளுக்கும் இளையோருக்கும்

பர்மிங்காமில் திருச்சபை இளையோருக்குக் கொடுத்தவற்றை நான்காகத் தொகுக்கலாம்.

1. இடம்: வேறெங்கும் கூட முடியாதவர்களுக்குத் தேவாலயம் கதவைத் திறந்தது. 1989-இல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரிலும் இதுவே நடந்தது. புனித நிக்கோலாஸ் தேவாலயத்தின் திங்கட்கிழமை அமைதி வழிபாடுகள் அங்கு மக்கள் எழுச்சிக்கு வித்திட்டன.

2. பயிற்சி: உணர்ச்சி வேகத்தைவிட ஒழுங்கே பலன் தந்தது. எதை எதிர்க்கிறோம், எதைக் கேட்கிறோம், எப்படி நடந்துகொள்வோம் என்பவை முன்பே தெளிவாக்கப்பட்டிருந்தன.

3. பல வகைப் பணிகள்: முன்வரிசையில் நிற்பது மட்டுமே பங்களிப்பு அல்ல. சமைப்பவரும் எழுதுபவரும் தகவல் சேர்ப்பவரும் போராட்டத்தின் பகுதியே.

4. துணைநிற்றல்: கைதான மாணவர்களுக்குப் பிணைத் தொகையும் வழக்கறிஞர்களும் தேவைப்பட்டன. தொழிற்சங்கங்கள் பிணைத் தொகை திரட்ட உதவின. திருச்சபை தனக்கு வெளியே உள்ளவர்களோடு கைகோக்கத் தயங்கக்கூடாது என்பதற்கு இது சான்று.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். கிங்கின் கடிதம் திருச்சபையை நோக்கியே கேள்வி எழுப்பியது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்களுக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. உலகின் அநீதியைப் பற்றிப் பேசும் சபை, முதலில் தன் வாசலுக்குள் இருக்கும் அநீதியையும் பார்க்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டும் இளைஞரின் குரலுக்குச் செவிகொடுப்பதே அச்சபையின் முதல் பணியாகும்.