வெறும் தட்டு சொல்லும் பொய்

பலசரக்குக் கடை தொடங்கப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா காலத்துத் தட்டுத் தராசும் படிக்கற்களும் பரணில் கிடக்கின்றன. இனி மின்னணுத் தராசுதானே, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?"

போட்டுவிடாதீர்கள். அந்தத் தராசிடம் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது.

காலையில் கடை திறந்ததும் தராசைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். வாங்க வந்தவரும் அதைப் பார்த்து நிம்மதி அடைவார். ஆனால் வெறும் தட்டோடு முள் நேராக நிற்பதால் மட்டும் தராசு சரியாகிவிடாது. எங்கள் ஊரில் காவடித் தண்டில் குடம் சுமப்பவர்கள், ஒரு குடம் கனத்தால் தோளை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொள்வார்கள். தண்டு நேராகவே நிற்கும், இரண்டு பக்க நீளம் மட்டும் வேறாகிவிடும். தராசிலும் அப்படித்தான். ஒரு கை 20 செ.மீ., மறு கை 21 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டைக் கைப் பக்கத் தட்டு கொஞ்சம் கனமாக இருந்தால் போதும், வெறும் தராசு அழகாகச் சமனில் நிற்கும்.

இப்போது நீளக் கைப் பக்கம் ஒரு கிலோ கல்லை வைத்துக் குட்டைக் கைப் பக்கம் பருப்பைப் போட்டால், முள் நேராகும்போது பருப்பு 1050 கிராம் இருக்கும். பக்கம் மாற்றிப் போட்டால் 952 கிராம்தான். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. சரக்கும் கல்லும் சமனானதும் இரண்டையும் தட்டு மாற்றி வையுங்கள். முள் மறுபடியும் நடுவில் நின்றால் தராசு சரியானது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. இரண்டு கிலோ கேட்டவருக்கு இந்தக் கோளாறான தராசில் ஒரு கிலோவை இடத்தட்டிலும் ஒரு கிலோவை வலத்தட்டிலும் நிறுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றுகிறது அல்லவா? ஆகாது. 1050-உம் 952.4-உம் சேர்ந்தால் 2002.4 கிராம். கைகளின் நீளம் எந்த விகிதத்தில் வேறுபட்டாலும், எந்தக் கை நீண்டிருந்தாலும், தட்டு மாற்றி நிறுப்பவர் கூடுதலாகவே கொடுப்பார். கணிதமே வாடிக்கையாளருக்குக் கொசுறு போடுகிறது!

மின்னணுத் தராசு வேறு ரகம். உள்ளே ஓர் உலோகத் துண்டு பாரத்தால் மிக நுண்ணிதாக வளைகிறது. அந்த வளைவு மின்தடையை மாற்ற, அதுவே எண்ணாகத் தெரிகிறது. அது அளப்பது புவி இழுக்கும் விசையை. அதனால் சென்னையில் சரிசெய்த கருவியை ஊட்டிக்குக் கொண்டுபோனால் கிலோவுக்கு ஏறத்தாழ அரை கிராம் குறைத்துக் காட்டும். பருப்புக் கடையில் அது பெரிதில்லை, நகைக்கடையில் பெரிது. தட்டுத் தராசுக்கு இந்தச் சிக்கலே இல்லை. இழுப்பு குறைந்தால் கல்லுக்கும் சரக்குக்கும் ஒன்றாகவே குறையும்.

படிக்கற்களுக்கும் தட்டுத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். பலர் இதை அபராதத்துக்குப் பயந்து செய்யும் சடங்காக்கிவிட்டார்கள். தட்டின் அடியில் புளி ஒட்டிய பழைய திருட்டு ஒழிந்தாலும், அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்து இனிப்பு விலைக்கு விற்கும் கடைகள் இருக்கின்றன. குடும்பமாக உழைத்து நடத்தும் சின்னக் கடைக்கு விளம்பரம் செய்யப் பணம் கிடையாது. வாங்கிப்போனவர் வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டில் சொல்லும் சொல்தான் அதன் முதல். 48 கிராம் குறைந்தால் அந்தச் சொல்லும் குறைந்துவிடும், குறைத்தவர் அறியாமல் குறைத்திருந்தாலும்கூட.

ஆகவே, பரணிலிருக்கும் ஒரு கிலோ கல்லைத் துடைத்து, முத்திரை போட்டு வாங்கி, புதுத் தராசின் பக்கத்திலேயே வையுங்கள். தினமும் முதல் போணிக்கு முன் அதை ஏற்றிப் பாருங்கள். சந்தேகப்படும் வாடிக்கையாளர் இருந்தால், கல்லை அவர் கையிலேயே கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள்.